நீண்ட வீட்டுப்பாதையில் பனி அகற்ற எந்தப் பழைய டிராக்டர்?

சாலையிலிருந்து வாசல் வரை 300 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வீட்டுப்பாதையில் ஓரிரவில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால், விடியும்போது அங்கே கிடப்பது 180 கனமீட்டர் பனி. அது கனமீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள உலர்பனியாக இருந்தால் மொத்தம் 18 டன். சற்று இளகி மீண்டும் இறுகி, கனமீட்டருக்கு 300 கிலோவை எட்டிய ஈரப்பனியாக இருந்தால் 54 டன். கையால் தள்ளிச் செல்லும் சிறிய இயந்திரம் கார் நிறுத்துமிடத்துக்குப் போதுமானது. இந்த அளவுக்கு அது ஈடுகொடுக்காது. புதிய டிராக்டருக்குக் கொடுக்க வேண்டிய தொகையோ, ஆண்டில் சில வாரங்களே நடக்கும் இந்த ஒரு வேலைக்கு மிக அதிகம். அதனால்தான் நீண்ட பாதை உள்ளவர்கள் பழைய டிராக்டர்களைத் தேடத் தொடங்குகிறார்கள்.

தேடுபவர் முதலில் கேட்பது குதிரைத்திறன் எவ்வளவு என்பது. விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்கிறார். பல குளிர்காலங்கள் இந்த வேலையைச் செய்தும், அக்கம்பக்கத்தில் பிறர் செய்வதைக் கவனித்தும் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. பனி வேலைக்குப் பழைய டிராக்டர் ஒன்று ஏற்றதா இல்லையா என்பதைக் குதிரைத்திறனுக்கு முன்பாக அதன் கிளட்ச் தீர்மானிக்கிறது. கிளட்சை மிதித்தால் சக்கரங்கள் மட்டும் நிற்கின்றனவா, அல்லது இன்ஜின் விசையை வெளியே கொண்டுவந்து கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் சேர்ந்து நின்றுவிடுகிறதா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கொடுத்தவர்கள் அந்த விடையை முதல் பெரும்பனியின்போது தெரிந்துகொள்கிறார்கள்.

சந்தையில் கிடைக்கும் பழைய வண்டிகளை இந்த வேலைக்காக மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். 1940-களின் இறுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும் வந்த சிறிய பெட்ரோல் டிராக்டர்கள் ஒரு வகை. ஃபோர்டு 8என், ஃபெர்குசன் டி.ஓ.-20 ஆகியவை இதில் அடங்கும். 1960-களிலும் 70-களிலும் வந்த நடுத்தர டீசல் டிராக்டர்கள் இரண்டாம் வகை. மாஸி ஃபெர்குசன் 135, ஃபோர்டு 3000 ஆகியவை இதில் பலரும் அறிந்தவை. 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த சிறிய டீசல் வண்டிகள் மூன்றாம் வகை. கூபோட்டா பி7100, யான்மாரின் வயல் டிராக்டர்கள், யான்மார் செய்து ஜான் டீர் தன் பெயரில் விற்ற 850 ஆகியவை இதில் சேரும்.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், பனியைத் தள்ளப்போகிறோமா வீசப்போகிறோமா என்பதை முடிவு செய்தாக வேண்டும். பின்புற மும்முனை இணைப்பில் மாட்டும், பனியைத் தள்ளும் தகடான பிளேடு விலை குறைந்தது, பழுதாகும் பாகம் ஏறக்குறைய இல்லாதது, வேகமானது. ஆனால் பிளேடு பனியை இடம் மாற்றுகிறதே தவிர அகற்றுவதில்லை. டிசம்பரில் பாதையோரம் தள்ளிய வரப்பு உறைந்து கல்லாகிவிடும். அடுத்த பனியை அதன் மேல் ஏற்ற முடியாமல் அதன் முன்பாகவே விட வேண்டிவரும். பிப்ரவரிக்குள் 3 மீட்டர் பாதை 2 மீட்டராகச் சுருங்கிவிடும். பிளேடை நம்பியிருப்பவர் முதல் பனியிலிருந்தே தேவைக்கு மேல் ஒரு மீட்டராவது அகலமாகத் தள்ளிவைக்க வேண்டும். அதற்கு இருபுறமும் வெற்றிடம் வேண்டும். வேலியோ மரவரிசையோ பாதையை ஒட்டி இருந்தால் பிளேடு நீண்ட காலத்துக்கு உதவாது. பி.டி.ஓ. விசையில் சுழலும் பனி வீசும் இயந்திரமோ பனியை வரப்பைத் தாண்டி எறிந்துவிடுவதால் பாதையின் அகலம் கடைசிவரை மாறுவதில்லை. காற்று பனியை வாரிக்கொண்டுவந்து இடுப்பளவு குவிக்கும் திறந்தவெளிப் பாதைகளுக்கு வீசும் இயந்திரத்தைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முன்வாளி குவிந்த பனியை அள்ளி அப்பால் கொட்டுவதற்குப் பயன்படும். 300 மீட்டரை வாளி வாளியாக அள்ளுவது ஒரு நாள் வேலை.

இனி வண்டிகளுக்கு வருவோம். 1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு 8என் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. அதன் உதிரிபாகங்களைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சாதாரணக் கருவிப்பெட்டி இருந்தால் பெரும்பாலான பழுதுகளை உரிமையாளரே பார்த்துவிடலாம். பெட்ரோல் இன்ஜின் என்பதால் பற்றவைப்பு அமைப்பு ஒழுங்காக இருந்தால் குளிரில் பல டீசல்களைவிட விரைவாகக் கிளம்பும். அதன் ஆறு வோல்ட் மின்னமைப்புதான் தடை, பலர் அதைப் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள். பின்புற பிளேடுடன், சமதளப் பாதையில், முழங்கால் வரையிலான பனிக்கு இது உண்மையாகவே நல்ல வண்டி.

வீசும் இயந்திரத்தை மாட்டும்போதுதான் இதன் குறை வெளிப்படுகிறது. 8என் வண்டியில் இருப்பது ஒரே கிளட்ச். அதை மிதித்தால் சக்கரங்களோடு பி.டி.ஓ.வும் நிற்கும், ஹைட்ராலிக் பம்பும் அதே தண்டிலிருந்தே விசை பெறுவதால் கருவியைத் தூக்கவும் முடியாது. வண்டியின் முதல் கியரே, பி.டி.ஓ. கருவிகளுக்கு உரிய வழக்கமான வேகமான நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் இன்ஜின் வேகத்தில், மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது; ஆழ்ந்த பனியை மென்று வீச அந்த வேகம் மிக அதிகம். போதாக்குறைக்கு, பின்புறம் மாட்டிய இயந்திரத்துடன் வேலை செய்ய வண்டியைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். இதன் ஒரே பின் கியர் முதல் கியரைவிடத் தாழ்ந்ததல்ல.

இதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தம் 8என் வண்டியில் இத்தகைய இயந்திரத்தை மாட்டி ஈரப்பனிக்குள் பின்னோக்கி இறங்கினார். இரண்டு மீட்டர் போவதற்குள் இயந்திரம் திணறத் தொடங்கும். வண்டியை நிறுத்த அவர் கிளட்சை மிதிப்பார். மிதித்த கணமே வீசும் விசிறியும் வேகமிழக்கும். புகைப்போக்கி போல நிற்கும் வீச்சுக்குழாயில் பாதி ஏறிய பனி அங்கேயே இறுகிவிடும். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு தடித்த மரக்குச்சியால் குழாயைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் ஏறுவார். அறுபது மீட்டர் போவதற்குள் எட்டு முறை இறங்கினார். இன்ஜினில் வலு இல்லாமல் இது நடக்கவில்லை. தடங்கல் வராத கணங்களில் பனி நன்றாகவே பறந்தது. மறுவாரம் அவர் பிளேடுக்குத் திரும்பிவிட்டார்.

தாழ்வேகத் துணைக் கியர்ப்பெட்டி பொருத்திய 8என் வண்டிகளும் உண்டு. அவற்றில் வேகக் குறை ஓரளவு தீரும், கிளட்ச் குறை தீராது. எனவே முதல் வகை வண்டியை வாங்க நினைப்பவர் பிளேடே தமக்குப் போதும் என்பதில் உறுதியாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வகையில் நான் அதிகம் பழகியது மாஸி ஃபெர்குசன் 135. 1960-களின் நடுவிலிருந்து 1975 வரை உற்பத்தியான இந்த வண்டி ஏறத்தாழ ஒன்றரை டன் எடையும், பி.டி.ஓ.வில் 35 குதிரைத்திறனுக்கு மேலும் கொண்டது. பெரும்பாலானவற்றில் இருப்பது பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். இதன் பெருமை இரட்டைநிலைக் கிளட்ச். மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரங்கள் நிற்கும், பி.டி.ஓ.வும் ஹைட்ராலிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். முழுவதும் அழுத்தினால்தான் எல்லாம் நிற்கும். பனிக்குள் அரை மீட்டர் நுழைந்து, பாதி மிதித்து நிறுத்தி, வாயில் நிறைந்ததை இயந்திரம் வீசி முடிக்கும் ஓசை மாறியதும் மிதியை விட்டு மீண்டும் நுழைவது ஒரு தாளம்போல் அமைந்துவிடும். முதல் கியரில் மணிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் ஊரவும் முடியும். தாழ்நிலைப் பின் கியரும் நிதானமாக நடப்பவரின் வேகத்தை ஒட்டியதுதான்.

ஆனால் எல்லா 135 வண்டிகளிலும் இந்தக் கிளட்ச் இல்லை. ஒரே பெயரில் ஒற்றைக் கிளட்ச் வண்டிகளும் விற்கப்பட்டன. ஃபோர்டு 3000 வண்டியிலும் பி.டி.ஓ. ஏற்பாடு வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகவே பெயர்ப்பலகையை நம்பாமல் வண்டியை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். பி.டி.ஓ.வைச் சுழலவிட்டு, கியரில் மெல்ல நகரும்போது மிதியைப் பாதி அழுத்தி, சக்கரம் நின்ற பின்னும் தண்டு சுழல்கிறதா என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே திரும்பிப் பார்க்கலாம். இரண்டு நிலைகளுக்கும் இடையில் காலுக்குத் தெளிவான வேறுபாடு தட்டுப்பட வேண்டும். அது குழம்பியிருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம் அல்லது சரிசெய்யப்படாமல் இருக்கலாம். கிளட்ச் மாற்றுவதற்கு வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதை விலை பேசும்போது மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இதே வண்டியின் இன்னொரு வடிவத்தைப் பற்றி எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஓட்டத்திலேயே கியர் விகிதத்தை மாற்ற உதவும் மல்டி-பவர் என்ற அமைப்பு சில 135 வண்டிகளில் உண்டு. அதன் தாழ்நிலையில் இன்ஜின் வண்டியைத் தடுத்து நிறுத்தாது. சரிவில் வண்டி தன் போக்கில் உருளும். உலர்ந்த வயலில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. பனி உறைந்த சரிவில், பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும் இடத்தில், இது ஆபத்து. பாதையில் இறக்கம் இருந்தால் அந்த அமைப்பில்லாத வண்டியைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் இறக்கத்தில் எப்போதும் மேல்நிலையிலேயே ஓட்டுங்கள்.

மூன்றாம் வகைச் சிறு வண்டிகளுக்கு நான்கு சக்கர இயக்கம் என்ற பெரும் பலம் இருக்கிறது. இரு சக்கர இயக்க வண்டி மேட்டில் திணறும் இடத்தில் இவை சங்கிலி கட்டிய சக்கரங்களுடன் அமைதியாக ஏறிவிடும். கூபோட்டா பி7100 வண்டியின் ஹைட்ரோஸ்டாட்டிக் வடிவத்தில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை இயக்கும் வடிவத்தில், கிளட்ச் பற்றிய கேள்வியே எழாது: காலடியில் உள்ள மிதி ஒன்றே முன்னும் பின்னும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தரும், பி.டி.ஓ. தன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பனி வீசுவதற்கு இதைவிட இணக்கமான ஏற்பாட்டைப் பழைய வண்டிகளில் நான் கண்டதில்லை. அதன் குறை, அளவு. இன்ஜின் 16 குதிரைத்திறன்தான், ஏறத்தாழ 1.2 மீட்டர் அகல இயந்திரத்தைத்தான் அது இயக்கும். 3 மீட்டர் பாதைக்கு மூன்று நடை ஆகும். 300 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஊர்ந்தாக வேண்டும். சாலையைச் சுத்தம் செய்யும் பெரிய வண்டி பாதையின் வாயிலில் தள்ளிவிட்டுப்போகும் இறுகிய கட்டிகளுக்கு முன்னால் இது மெல்ல மெல்லத்தான் வழி காணும்.

ஜப்பானிய வயல்களில் உழைத்து, பழைய வண்டிகளாக ஏற்றுமதியானவற்றுக்கு வேறொரு கவனம் தேவை. சிறிய ஜப்பானிய வண்டி என்ற காரணத்தாலேயே நல்ல பி.டி.ஓ. இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. கியர் வண்டிகள் பலவற்றில் ஒற்றைக் கிளட்சே இருக்கிறது, பி.டி.ஓ.வும் ஒன்றுக்கு மேற்பட்ட வேகங்களில் சுழலும், அவற்றில் 540 எது என்பதைக் கண்டறிய வேண்டும். அந்த வண்டியின் பாகங்களைத் தருபவர் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும். இவற்றுக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு: சுழல்கலப்பைக்காக வடிவமைத்தவை என்பதால் இவற்றின் அடிக்கியர்கள் மிகவும் மெதுவானவை. ஒற்றைக் கிளட்சின் குறையை அது பெருமளவு ஈடுசெய்கிறது.

பிடிமானம் பற்றி ஒரு பொதுவான பிழையைச் சொல்ல வேண்டும். வரிவரியாகத் தடித்த புடைப்புகள் கொண்ட விவசாய டயர் சேற்றில் பிடிக்கும், உறைபனியில் வழுக்கும். ஆகவே இரு சக்கர இயக்க வண்டிக்குச் சங்கிலி கட்டாயம். ஏணிப்படி போல் அமைந்த மலிவான சங்கிலி இந்த டயர்களில் புடைப்புகளுக்கு இடையே இறங்கி ஒளிந்துகொள்ளும்; கண்ணிகள் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய சங்கிலியே டயரின் மேல் நிற்கும். பின்சக்கரத்தில் எடை சேர்க்கப் பழைய வண்டிகளில் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்பியிருப்பார்கள். அது உறையாது, நீரைவிடக் கனமானது. ஆனால் கசிந்தால் சக்கர விளிம்பை அரித்துவிடும். காற்று ஏற்றும் வால்வைச் சுற்றித் துருவோ வெண்படிவமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன்வாளி உள்ள வண்டியானால், வாளி நிறையும்போது பின்சக்கரங்கள் எடையிழக்கும். பின்னால் பாரம் மாட்டாமல் அதை ஓட்டக்கூடாது.

குளிரில் கிளம்பாத வண்டி எவ்வளவு வலுவானதானாலும் கொட்டகையில் கிடக்கும் இரும்புதான். 135-க்கு முன்னோடியான ஃபெர்குசன் 35 வண்டியில் தொடக்கத்தில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் குளிரில் அடம்பிடிப்பதில் பெயர் பெற்றது. 1959-இன் இறுதியில் அதற்குப் பதிலாக வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எவ்வளவோ மேல். அதற்கும்கூடக் கடுங்குளிரில் இன்ஜின் நீரை முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டர் வேண்டும். சிறு ஜப்பானிய டீசல்களில், கிளப்பும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் இருக்கும். அது உள்ள வண்டிக்கு, எளிதில் தீப்பற்றும் ஈதரைக் கிளப்புவதற்காகத் தெளிப்பது இன்ஜினையே உடைக்கக்கூடிய செயல், பெர்கின்ஸின் காற்றுவழிச் சூடேற்றிக்கும் இது பொருந்தும். கோடையில் நிரப்பிய டீசலின் மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும் என்பதால், பனிக்காலத்துக்கு முன்பே குளிர்கால டீசலுக்கு மாற வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டு கிளப்பினால் உறைந்த கியர் எண்ணெயைச் சுழற்றும் சுமை பேட்டரிக்குக் குறையும்.

கியர்ப்பெட்டிக்குள் போய்ச் சேரும் நீரைப் பலர் கவனிப்பதில்லை. கியர் தண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். அடியில் உள்ள திருகைத் தளர்த்தினால் முதலில் தெளிந்த நீர் சொட்டும், பிறகு பால் கலந்ததுபோல் வெளுத்த எண்ணெய் வரும். 8என், ஃபெர்குசன் போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பு அந்த எண்ணெய்க்குள்ளேயே அமர்ந்திருப்பதால், அந்த நீர் உறையும் நாளில் கருவி மேலே எழாது. வற்புறுத்தினால் பம்பு உடையவும் கூடும். வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

பாதுகாப்பில் இந்த மூன்று வகைகளும் சமமல்ல. டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தை ஸ்வீடன் 1959-இலேயே புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில், பணியாளர்கள் ஓட்டும் டிராக்டர்களுக்கான விதி 1976 அக்டோபருக்குப் பின் தயாரானவற்றுக்கே பொருந்தியது. ஆக 8என் வண்டியிலும் பல 135 வண்டிகளிலும் சட்டகம் இருக்காது. பனி மூடிய பாதையில் ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. இருள் விலகாத காலையில் தனியாக ஓட்டுபவருக்கு அந்தச் சட்டகமும் இருக்கைப் பட்டையும்தான் துணை. பின்னாளில் பொருத்தக்கூடிய சட்டகம் அந்த மாதிரிக்குக் கிடைக்குமா என்பதை நான் விலைக்கு முன்பாகக் கேட்பேன். பனி விழும் முன்பே பாதையின் இருபுறமும் உயரமான குச்சிகளை நட்டுவைப்பதும், பி.டி.ஓ. தண்டின் மூடுறை முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பதும், இன்ஜினை அணைக்காமல் வீச்சுக்குழாயின் அருகே கையைக் கொண்டுபோகாமல் இருப்பதும் எந்த வண்டிக்கும் பொருந்தும்.

எனவே என் தேர்வு இதுதான். பாதை சமதளமாகவும் இருபுறமும் இடம் தாராளமாகவும் இருந்து, ஒரே நேரத்தில் பெரும்பனி விழுவது அரிது என்றால், நல்ல நிலையில் உள்ள 8என் வண்டியையும் ஒரு கனத்த பிளேடையும் வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் சங்கிலி வாங்குங்கள். பாதை 100 மீட்டருக்குள் அடங்கி, செங்குத்தாகவும் வளைவுகளோடும் இருந்தால் நான்கு சக்கர இயக்கமுள்ள சிறு ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியே பொருத்தம். 300 மீட்டருக்கு, காற்று பனியைக் குவிக்கும் இடத்துக்கு, இரட்டைநிலைக் கிளட்ச் உள்ள நடுத்தர டீசலையும் 1.8 மீட்டர் அகல வீசும் இயந்திரத்தையும் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 300 மீட்டரும் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டுவது கழுத்துக்கு உண்மையான துன்பம். வண்டியின் பின்னால் இழுபட்டு, வாய் முன்னோக்கி இருக்கும்படி அமைந்த வீசும் இயந்திரங்கள் அந்தத் துன்பத்தைப் போக்குகின்றன. சக்கரங்கள் முதலில் பனியை மிதித்து இறுக்கிவிடும் என்பதால் தரையோடு ஒரு மெல்லிய படலம் எஞ்சும், அவ்வளவே. சரளைப் பாதையில் அந்தப் படலம் நன்மைதான்: முதல் சில பனிகளை மிதித்து உறையவிட்டால் சரளை இறுகிவிடும், வசந்தத்தில் புல்வெளியிலிருந்து கற்களைப் பொறுக்க வேண்டியிராது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். இன்ஜினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று முதல்நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் வேறெதையும் பேசுவதற்கு முன் இன்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.